கொரியாக்காரிக்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை

என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் அழுவார்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்பா நடத்திய வற்றல் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில்தான் என் வக்கீல் ஆபீஸ். மண்டியை இப்போது தம்பி பார்க்கிறான். கீழே மூட்டை பிரிக்கிற நேரத்தில் படியேறினால் தொலைந்தது கதை. விவாகரத்துக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறு நல்ல இடமாகப் பார்க்கக்கூடாதா என்று கேட்காத ஆளில்லை. வாடகை கேட்காத கூரையை விட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா?

அந்தக் கொரியாக்காரி தும்மவில்லை. படியேறி வந்து, செருப்பை வெளியே கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்தாள். "மாமி, கீழ நல்ல மிளகா வாசனை. எங்க ஊர் மிளகா இன்னும் செவப்பா இருக்கும். ஆனா இத்தனை காரம் கிடையாது" என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம் தம்பி மகள் ராத்திரி பகலாகப் பார்க்கிற கொரியா சீரியலில் வருகிற முகம். வாயைத் திறந்தால் கோயில் கோட்டைக்குள் இருக்கிற அக்ரகாரத்து மாமி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் பாறசாலைப் பக்கத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பிறந்த நாள் முதல் என்னை ஒருத்தரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. "மாமியும் இல்ல, சாமியும் இல்ல. இரி மக்ளே. என்ன காரியம்?" என்றேன். அவள் பையிலிருந்து கோர்ட் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். "ஆத்துக்காரர் விவாகரத்துக் கேட்டு கேஸ் போட்டிருக்கார். எல்லாம் இங்கிலீஷ். இந்த ஒரு வார்த்தை எல்லாப் பக்கத்துலயும் வரது. இதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சாகணும். என் பொண்ணு இதுக்குள்ளதான் இருக்கா."

டெசெர்ஷன். அவள் வாயில் அது 'டிஜர்ஷன்' என்று வந்தது. புருஷனையோ பெண்டாட்டியையோ கைவிட்டுப் போவது. இவள் புருஷனை மூன்று வருஷம் நெருங்கக் கைவிட்டுப் போய்விட்டாள், ஆகையால் விவாகரத்து வேண்டும். கைவிட்டுப் போகிற சுபாவமுள்ளவளிடம் பெண்குழந்தையை நம்பி ஒப்படைக்க முடியாது, ஆகையால் குழந்தை அப்பா வீட்டிலேயே இருக்கவேண்டும். காகிதத்தின் சாரம் இவ்வளவுதான். அந்த வார்த்தை நின்றால் குழந்தை போயிற்று. விழுந்தால் குழந்தை கிடைக்கலாம்.

கதையை அவள் சொன்ன வரிசையில் சொன்னால் உங்களுக்கும் தலைவலி வரும். நான் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். அக்ரகாரத்தில் பிறந்த பையன் ஒருத்தன் கப்பல் கட்டுகிற கம்பெனி வேலைக்காகக் கொரியா போனான். இவள் அங்கே நர்சரிப் பள்ளிக்கூட டீச்சர். இருவருக்கும் பிடித்துப்போய், ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார்கள். அவனுக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது. மாமியார்க்காரி ஒரு வாரம் யாருடனும் பேசாமல் கிடந்துவிட்டு, பிறகு தெருவில் எல்லோரிடமும், "மூக்கு சப்பையானா என்ன, சொன்ன பேச்சைக் கேக்கறது" என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டாளாம். சொன்ன பேச்சைக் கேட்பதுதான் இவளுடைய வியாதி.

பேசுகிற தமிழையே மாமியார் வாயிலிருந்துதான் பிடித்தாள். மடிசார் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். விளக்கு வைத்த பிறகு பெருக்கப்படாது என்றார்கள், அதற்குப் பிறகு துடைப்பத்தைத் தொட்டதில்லை. ஊறுகாய் ஜாடிக்கு எந்த நாளில் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பது வரை அவளுக்குத் தெரியும். ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது "அம்மா, போறேன்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறாள். "போறேன்னு சொல்லப்படாது! போயிட்டு வரேன்னு சொல்லணும். போறேன்னு சொல்லிட்டுப் போறவா திரும்பி வரமாட்டா." அன்று முதல் மாடிக்குத் துணி உலர்த்தப் போனால்கூட போயிட்டு வரேன்தான்.

பிறகு உண்டானாள். வளையல் அடுக்கி, பட்டுக் கட்டி, தெருவையே கூட்டிச் சாப்பாடு போட்டார்கள். தலைப்பிரசவம் பொறந்தாத்தில்தான் நடக்கவேண்டும் என்றாள் மாமியார். பொறந்தாம் கொரியாவில் இருந்தால் என்ன, கரமனையில் இருந்தால் என்ன, வழக்கம் வழக்கம்தான். விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினாள். அங்கே வைத்து ஒன்று சொன்னாள். "கொழந்தை பொறந்ததும் நல்ல நாள் பார்த்து நாங்க வந்து அழைச்சிண்டு வருவோம். நீயா கிளம்பி வரப்படாது, கேட்டியோ? அது நம்மாத்து வழக்கம் கிடையாது. தானா வந்து நின்னவள்னு பேராயிடும்."

இவள் "செரிம்மா. போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண்குழந்தை பிறந்தது. அழைத்துக்கொண்டு வர யாரும் போகவில்லை.

முதலில் தினமும் வீடியோவில் பேசினார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் புருஷன், "அம்மா நாள் பாத்துண்டிருக்கா" என்பான். ஆடி என்றான், மார்கழி என்றான், ஜோசியர் வியாழன் சரியில்லை என்கிறார் என்றான். இவளைப் பெற்ற அம்மா, டிக்கெட் எடுத்துப் போய்ச் சேரேன், இதென்ன கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். "நானா போகப்படாதும்மா, அது எங்காத்து வழக்கம் இல்லை" என்று இவள் கொரியா பாஷையில் விளக்கம் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எழுந்து போய் இவள் கன்னத்தில் ஒன்று போடலாமா என்று இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண் இப்படி உட்கார்ந்திருப்பாள்? இரண்டாம் மாசமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று, "என்னடே, பெண்டாட்டி வேணுமா வேண்டாமா?" என்று கேட்டிருக்கமாட்டாளா!

கடைசியில் போனும் நின்றுபோனது. அதற்கு அப்புறம்தான் இவளாகக் கிளம்பி வந்தாள். கையில் நடக்கிற குழந்தை. வாசலில் ஆட்டோ நின்றதும் மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்தாள். குழந்தைக்கு மட்டும் சுற்றினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ செத்த நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவள் நின்றாள். கேளுங்கள், நின்றாள்! கோயிலில் உச்சிப்பூஜை மணி அடித்ததிலிருந்து தெருவிளக்கு எரிகிற வரைக்கும் அந்தத் தெருவில் பெட்டியோடு நின்றிருக்கிறாள். நிற்கச் சொன்னார்களே! எதிர்வீட்டுக்காரர்தான் வெளியே வந்து, "அவா தொறக்கமாட்டா குழந்தே, நீ எங்கயாவது போய்த் தங்கிக்கோ" என்று சொல்லியிருக்கிறார். அதோடு சரி. பக்கத்தில் கரமனையில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டாள். அடுத்த மாசம் கோர்ட் காகிதம் வந்தது. வாசல் வரை வந்தது சேர்ந்து வாழ்ந்ததாக ஆகாதாம், அதனால் கைவிட்டுப் போனது போனதுதானாம். எழுதின வக்கீல் கெட்டிக்காரர். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கேஸை எடுத்துக்கொண்டேன். முதல் வேலை, அந்த வார்த்தையை அவளுக்குள் ஏற்றுவது. கூண்டில் ஏறினால் எதிர்வக்கீல் அதைத்தான் கல்லாக எடுத்து எறிவார். அவள் இங்கிலீஷ் பரீட்சை இங்கிலீஷ். படிக்க வரும், வாயில் வராது. கோர்ட்டில் மொழிபெயர்க்க ஆள் இருக்கும்தான். ஆனால் எனக்கு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நடக்கிற விசாரணையில் ஒருத்தி பொம்மைபோல உட்கார்ந்திருப்பது பிடிக்காது.

"உங்க பாஷையில இதுக்கு என்ன?" என்று கேட்டேன். போனில் தேடிப் பார்த்தாள். பார்த்தவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "யுகி" என்றாள். "என்ன அது?" "சட்டத்துலயும் இந்த வார்த்தைதான் மாமி. ஆனா நாங்க தெனமும் சொல்றது நாய்க்கு. வளத்துட்டு, வேண்டாம்னு கொண்டுபோய்த் தெருவுல விட்டுட்டு வருவாளே, அந்த நாய்க்கு." பிறகு, "நான் அவரை அப்படியா விட்டுட்டுப் போனேன்?" என்று கேட்டாள். தெருவில் விடப்பட்டது யார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. சவம், இப்படியும் ஒரு பிறவியா!

அவளோடு மல்லுக்கட்டியதில் என் தொண்டை போயிற்று. "வெளிய போனா டெசெர்ஷன் இல்ல மக்ளே. வேலைக்குப் போறான், கல்ஃபுக்குப் போறான், பத்து வருஷம் கெடக்கான், அது டெசெர்ஷனா? திரும்பி வரக்கூடாதுங்கிற மனசு வேணும். அந்த மனசோட போகணும், அந்த மனசோடயே ரெண்டு வருஷம் தொடர்ந்து இருக்கணும். காலு போனா போராது, மனசும் போகணும்" என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் தலையாட்டுவாள், அடுத்த நாள் வந்து, "அப்போ நான் காத்திண்டிருந்தது தப்புதானே மாமி?" என்று ஆரம்பிப்பாள். கீழே தம்பி, "அக்கா, யாரைப் போட்டு இந்தக் கத்து கத்துற?" என்று கேட்பான்.

ஒருநாள் என் ஆத்திரத்தில்தான் அது வந்தது. "உன் மாமியார் சொல்லித்தந்தாள்லா? போறேன்னு சொல்லப்படாது, போயிட்டு வரேன்னு சொல்லணும்னு. அதுதான் எளவு! போறேன்னு சொல்லிட்டுப் போனா டெசெர்ஷன். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனா டெசெர்ஷன் இல்ல. நீ என்ன சொல்லிட்டுப் போன?"

அவள் முகம் தெளிந்தது. "போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"அப்போ?"

"அப்போ நான் பண்ணலை" என்றாள். நான் அவளைப் பார்த்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள்.

இதற்கு நடுவில் சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்தில், குழந்தைகளைப் பார்ப்பதற்கென்று இருக்கிற அறையில் ஒரு மணி நேரம் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு வாங்கியிருந்தேன். சுவரில் யானை, மயில் எல்லாம் வரைந்திருப்பார்கள். மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் உட்காருவாள். வந்த புதிதில் குழந்தை கொரியா பாஷையில் ஏதோ பேசி ஓடிவந்து மடியில் ஏறியது. மழைக்காலம் போய் வெயில் வந்தபோது தமிழில் பேசியது. ஸ்கூலில் சேர்த்த பிறகு மலையாளம். கொரியா பாஷையில் கேட்டால் பாட்டியைத் திரும்பிப் பார்க்கும். கேஸ் இழுத்துக்கொண்டே போயிற்று. அந்த மனுஷி அவசரப்படவே இல்லை. நாள் பார்ப்பதில் கைதேர்ந்தவள் அல்லவா!

செலவுக்கு இவள் காலேஜ் பெண்களுக்குக் கொரியா பாஷை சொல்லிக்கொடுத்தாள். சீரியல் பைத்தியங்கள். அவர்கள் முதலில் கேட்பது 'காஜிமா' என்ற வார்த்தையைத்தானாம். 'போகாதே' என்று அர்த்தம். மழையில் நனைந்துகொண்டே சொல்வார்களாம். "எல்லாரும் அதை மட்டும் நன்னா சொல்றா மாமி" என்றாள்.

விசாரணை வந்தது. முதலில் அவர்கள் தரப்பு. புருஷன் கூண்டில் ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தான். அவனைத் திட்டி என் வாயை அழுக்காக்கிக்கொள்ள விருப்பமில்லை. அடுத்தது மாமியார். கழுத்து நிறைய நகை, நெற்றியில் சந்தனம், ஆளைப் பார்த்தாலே மரியாதை வரும். நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "பிரசவத்துக்கு அனுப்பும்போது, நாங்களே வந்து அழைத்துக்கொண்டு வருவோம், நீயாக வரக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்களா?"

பொய் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. "சொன்னேன். எல்லாராத்துலயும் சொல்றதுதானே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, விவரம் போதாத பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, "சொன்னா அப்படியே பிடிச்சுண்டு உக்காந்துடுவாளா? நம்மாத்துப் பொண்ணா இருந்தா புரிஞ்சிண்டிருப்பா. இது ஒரு சொல்வழக்கம், அல்லே? அவளுக்கு வரணும்னு இருந்தா வந்திருப்பா" என்றாள்.

நான் திரும்பிக் கொரியாக்காரியைப் பார்த்தேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊறுகாய் ஜாடி, துடைப்பம், மடிசார் எல்லாவற்றையும் சட்டமாக எடுத்துக்கொண்டவள். அதில் எது சட்டம், எது சும்மா வாய்வார்த்தை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர அதில் என்ன இருக்கிறது, நமக்கே யார் சொல்லித்தந்தார்கள்? அந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டியது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அழுதால் நன்றாகவா இருக்கும்? தண்ணீர் குடித்தேன்.

பிறகு இவள் கூண்டில் ஏறினாள். எதிர்வக்கீல் இங்கிலீஷில் ஆரம்பித்தார், இவள் தமிழில் பதில் சொன்னாள். விமானங்கள் ஓடவில்லையா? ஓடின. யாராவது கட்டிப் போட்டிருந்தார்களா? இல்லை. பிறகு ஏன் வரவில்லை? "அம்மா வரவேண்டாம்னா." மாமியார் சொன்னால் கிணற்றில் குதிப்பீர்களா என்று கேட்டார். கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, "அவா அதைச் சொல்லலை" என்றாள். சிரிப்பு நின்றது.

என் முறை வந்ததும், விமான நிலையத்தில் மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று கேட்டேன். அவள் ஜட்ஜ் பக்கம் திரும்பினாள். "போயிட்டு வரேன்னு சொன்னேன். போறேன்னு சொல்லலை. அதனால இது டெசெர்ஷன் இல்லை" என்றாள். அந்த வார்த்தை அட்சரசுத்தமாக வந்தது. ஜட்ஜ் மலையாளி. அவர்கள் வீட்டிலும் போயிட்டு வராம் என்றுதானே சொல்வார்கள்? மொழிபெயர்க்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜட்ஜ் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஜெயித்தோம். கைவிட்டுப் போகவில்லை என்று தீர்ப்பு, விவாகரத்து மனு தள்ளுபடி. குழந்தை விஷயத்தில் மட்டும் கோர்ட் மெல்லப் போகச் சொன்னது. பழகின வீடு, பழகின ஸ்கூல், உடனே பறிக்கவேண்டாம். முதலில் சனிக்கிழமை பகல் முழுவதும் அம்மா வெளியே அழைத்துப் போகட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று உத்தரவு. நியாயம்தான், நான் ஜட்ஜாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை அவள் குழந்தையைச் சங்குமுகம் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். தன்னைப் பெற்ற அம்மா கொரியாவிலிருந்து அனுப்பிய கடல்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டி, காய்கறி வைத்து, அழகாக வட்டம் வட்டமாக வெட்டி டப்பாவில் கொண்டுபோயிருக்கிறாள். கொரியாவில் இருந்தபோது அதுதான் குழந்தைக்குப் பிரியமாம். குழந்தை முகர்ந்து பார்த்து, "மீன் நாத்தம்!" என்று டப்பாவை மணலில் வீசிவிட்டு ஓடியது. இவள் பின்னாலேயே "காஜிமா, காஜிமா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். குழந்தை ஐஸ்கிரீம்காரரின் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மலையாளத்தில் கத்தியது: "சேட்டா, இவர் என்னெ பிடிச்சோண்டு போணு! எனிக்கு இவரெ அறிஞ்ஞூடா!" என்னைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், இவர்களை எனக்குத் தெரியாது என்று.

கூட்டம் கூடாமல் இருக்குமா? குழந்தையின் முகமும் இவள் முகமும் ஒரே அச்சு. ஆனால் பயந்து அலறுகிற பிள்ளையின் முகத்தை யார் பார்த்தார்கள்? ஒருத்தன் கையைப் பிடித்து நிறுத்தினான், ஒருத்தன் போனில் படம் பிடித்தான். போலீஸ்காரி வந்து விசாரித்தாள். இவள் கோர்ட் உத்தரவை எடுத்துக் காட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

குழந்தை என்னைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. கோர்ட்டில் பார்த்த பழக்கம். "வக்கீல் ஆன்ட்டி, என்னை ஆத்துல கொண்டு விடுங்கோ. இவா என்னை விட்டுட்டுப் போனவா. பாட்டி சொன்னா. மறுபடியும் விட்டுட்டுப் போயிடுவாளாம்" என்றது. சொல்லிவிட்டு, பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அதன் பாவாடையும் நனைந்தது, என் புடவையும் நனைந்தது. அவள் நாலடி தூரத்தில், குழந்தையைத் துடைக்க எடுத்த ஈரக் காகிதத்தோடு நின்றாள். எல்லாம் அவளுக்குப் புரிகிற தமிழில்தான் குழந்தை சொன்னது. கோர்ட்டில் நான் அடித்து விழத்தட்டிய அந்த வார்த்தையை மாமியார் எங்கே பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதை எந்தக் கோர்ட்டில் போய்த் தள்ளுபடி செய்வது?

அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை. ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள். எனக்குப் பேய் பிடித்துவிட்டது. "ஜெயிச்ச கேஸு! ஆறு மாசம் பொறுத்தா புள்ள பழகிரும். வெளங்காதவளே, இதுக்கா நான் தொண்டை கிழியக் கத்தினேன்? இப்போ போனா, அந்தக் கெழவி சொன்னது நெசம்னு ஆயிராதா?" என்று கத்தினேன். கீழே மண்டியில் பேச்சு நின்றுபோனது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் நர்சரி டீச்சர், மாமி. கொழந்தை எப்போ அழும், எப்போ பயந்துக்கும்னு எனக்கு வித்தியாசம் தெரியும். அவளுக்கு என்னைக் கண்டா பயம். சனிக்கிழமை சனிக்கிழமை அவளைப் பயமுறுத்த நான் வரணுமா?" என்றாள். ஆறு மாசம், ஆறே மாசம் என்று நான் மறுபடியும் சொன்னேன். "ஆறு மாசமும் சனிக்கிழமை ஒருநாள்தான் எனக்கு. பாக்கி ஆறு நாளும் அம்மாவுக்கு" என்றாள். இத்தனைக்குப் பிறகும் அந்த மனுஷியை அம்மா என்றுதான் சொன்னாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். போகவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த வாரம் பிரித்த மூட்டையிலிருந்து தம்பி மிளகாய் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தான், அதைக் கையில் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்கிற பாவனையில் கேட்டாள்: "ரெண்டு வருஷம் தொடர்ந்து இருக்கணும், அல்லே மாமி? நடுவுல வந்துடப்படாது."

"ஆமா."

"அப்புறம் அவர் மறுபடி கேஸ் போட்டா ஜெயிச்சுடுவார்."

"ஜெயிப்பான்" என்றேன். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"நான் மூணு வருஷம் காத்திண்டிருந்தேன். அவா ரெண்டு வருஷம் காத்திண்டிருக்கட்டும்" என்றாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனவள், காவலுக்கு நிற்கிறவரிடம் டிக்கெட்டைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போறேன், மாமி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால், சொன்ன வாய் மூடுவதற்குள் திருத்திவிடுவோம். போயிட்டு வரேன்னு சொல்லு பிள்ளே என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வார்த்தையை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள்.